முழங்கை வலிக்கு முதல் மருந்து ஊசியா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ‘தீராத முழங்கை வலியா? ஒரே ஊசி, மறுநாளே வேலைக்குப் போகலாம்’ என்கிற தோரணையில் துண்டுப் பிரசுரங்களும் கைப்பேசி விளம்பரங்களும் பெருகிவிட்டன. அதை நம்பிப் போகிறவர்களில் பெரும்பாலோர் கையை நம்பிப் பிழைப்பவர்கள்: கொத்தனார், தச்சர், பெயின்டர், பரோட்டா மாஸ்டர், தையல்காரர், நாள் முழுக்க வீட்டு வேலை செய்யும் பெண்கள். அந்த ஊசி (பெரும்பாலும் அழற்சியைத் தணிக்கும் ஸ்டீராய்டு மருந்து) எதைச் செய்கிறது, எதைச் செய்வதில்லை, அதைப் போடாமலே இந்த வலியை எப்படிக் குணமாக்கலாம் என்பதைத் தங்கள் வாசகர்களுக்கு விளக்கமாகச் சொல்ல வேண்டியே இதை எழுதுகிறோம்.

இந்த வலிக்கு உரிய ‘டென்னிஸ் எல்போ’ என்ற பெயர் நம் ஊரில் பரவலானது 2004-ல் சச்சின் டெண்டுல்கர் முழங்கை வலியால் ஆட முடியாமல் உட்கார்ந்தபோது. பெயரில் டென்னிஸ் இருந்தாலும் இந்த வலியோடு வருபவர்களில் பத்தில் ஒருவர்கூட டென்னிஸ் ஆடுபவராக இருக்க மாட்டார். 1873-ல் ஜெர்மானிய மருத்துவர் ருங்கே இதை முதன்முதலில் விவரித்தபோது அவர் கண்டது நாளெல்லாம் பேனா பிடித்து எழுதுகிறவர்களிடம். இங்கிலாந்தில் புல்தரை டென்னிஸ் பிரபலமானபின், 1880-களில்தான் இந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. முப்பத்தைந்து வயது முதல் ஐம்பத்தைந்துக்குள் இருப்பவர்களுக்கே அதிகம் வருகிறது. அதுவும் அதிகமாகப் புழங்கும் கையில்.

வலி வரும் இடம் முழங்கையின் வெளிப்புறம் விரலுக்குத் தட்டுப்படும் எலும்பு மேடு. மணிக்கட்டை மேல்நோக்கித் தூக்கும் தசைகள் ஒரு பொதுவான தசைநாண் (தசையை எலும்போடு இணைக்கும் நார்க்கயிறு) வழியாக அந்த மேட்டில் பிடித்திருக்கின்றன. கையில் ஒரு பொருளை இறுக்கிப் பிடித்தால் விரல்களை மடக்கும் தசைகள் மணிக்கட்டையும் சேர்த்து உள்பக்கம் இழுக்கும். அது மடங்கிவிடாமல் நிறுத்திப் பிடிப்பது இந்த மேல்பக்கத் தசைகள்தாம். கரணை பிடித்தாலும் கத்தரி பிடித்தாலும் தோசைக்கல்லைத் தூக்கினாலும் சுமை வந்து விழுவது அந்தச் சின்ன எலும்பு மேட்டில். ‘நான் மணிக்கட்டையே அசைக்கவில்லையே, எனக்கு எப்படி வந்தது?’ என்று கேட்பவர்களுக்கு விடை இதுதான்: பிடித்ததே போதும்.

இதை ‘வீக்கம்’, ‘உள்காயம்’, ‘நரம்பு பிசகியது’ என்று பலவிதமாகச் சொல்கிறார்கள். ‘லேட்டரல் எபிகான்டிலைட்டிஸ்’ என்கிற மருத்துவப் பெயரின் முடிவிலேயே அழற்சி என்ற பொருள் இருக்கிறது. ஆனால் 1970-களின் இறுதியில் அமெரிக்க அறுவை மருத்துவர் நிர்ஷல் அந்தத் தசைநாண்களை வெட்டியெடுத்து நுண்ணோக்கியில் பார்த்தபோது அழற்சிக்கான அணுக்கள் அநேகமாக இல்லை. நார்கள் வரிசை கலைந்து, புதிய சின்ன ரத்தக் குழாய்கள் தாறுமாறாக முளைத்து, ஆறியும் ஆறாமலும் நின்றுபோன திசுதான் இருந்தது. அழற்சியைத் தணிக்கும் மருந்து ஏன் நிரந்தரமாகக் கைகொடுப்பதில்லை என்பதும், அந்த நார்களை மறுபடி வரிசைக்குக் கொண்டுவர ஏன் படிப்படியான சுமை தேவை என்பதும் இதிலிருந்தே விளங்கும்.

ஊசிக்கு வருவோம். ஸ்டீராய்டு ஊசி வலியைக் குறைக்காது என்று யாரும் சொல்ல முடியாது. முதல் நாலைந்து வாரங்களுக்கு அதைப்போல வேகமாக வலியைக் குறைப்பது வேறொன்றும் இல்லை. அதற்குப் பிறகுதான் கணக்கு மாறுகிறது. ஆஸ்திரேலியாவில் 198 பேரிடம் நடந்து 2006-ல் வெளியான ஆய்வில், ஆறாவது வாரத்தில் ஊசி போட்டவர்கள், பயிற்சி செய்தவர்களையும் சும்மா காத்திருந்தவர்களையும்விட நன்றாக இருந்தார்கள். ஆனால் அப்படித் தேறியவர்களில் நூற்றுக்கு 72 பேருக்கு வலி திரும்பி வந்தது. 165 பேரைக் கொண்ட அடுத்த ஆய்வு 2013-ல் வெளியானது. அதில் ஒரு பிரிவினருக்கு ஸ்டீராய்டும் மறுபிரிவினருக்கு மருந்தில்லாத வெறும் உப்புநீரும் செலுத்தினார்கள். ஓராண்டு கழித்து முழுமையாகவோ பெருமளவோ குணமானவர்கள் ஸ்டீராய்டு பிரிவில் 83 சதவீதம், உப்புநீர் பிரிவில் 96 சதவீதம். வலி திரும்பியவர்கள் முதல் பிரிவில் 54 சதவீதம், இரண்டாவதில் 12 சதவீதம். மருந்து போட்டவர்களைவிடப் போடாதவர்கள் நன்றாக இருந்தார்கள் என்பதே இதன் பொருள். இந்த இரண்டு வரிக் கணக்கு எந்தத் துண்டுப் பிரசுரத்திலும் இருப்பதில்லை.

வலி மறைந்த அந்த ஒரு மாதத்தில் நடப்பதுதான் கெடுதலுக்குப் பெரிய காரணம். தசைநாண் ஆறியிருக்காது, வலிதான் அடங்கியிருக்கும். வலி இல்லையே என்று பழையபடி சுமையைத் தூக்க, உள்ளே இன்னும் சிதைகிறது. இரண்டாவது, மூன்றாவது ஊசி என்று போகப்போகத் தசைநாண் நலிகிறது. ஊசி போட்ட இடத்தில் தோல் வெளுத்துக் குழிவிழுவதும் உண்டு. சர்க்கரை நோயாளிகளுக்குச் சில நாட்களுக்கு ரத்தச் சர்க்கரை ஏறும். இதை முன்கூட்டியே சொல்லாமல் போடுவது பெரிய தவறு.

சொந்த ரத்தத்தை எடுத்துச் சுழற்றி, அதில் பிரியும் தட்டணுக்களைச் செலுத்தும் பிஆர்பி ஊசியும் இப்போது பரவலாகிவிட்டது. செலவும் பல மடங்கு. முப்பதுக்கும் மேற்பட்ட ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து 2021-ல் வெளியான, மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து எடைபோடும் காக்ரேன் அமைப்பின் மதிப்பீடு, வலியிலோ கையின் இயக்கத்திலோ இதனால் குறிப்பிடத்தக்க பலன் அநேகமாக இல்லை என்றே முடிக்கிறது. அதிர்வலை சிகிச்சைக்கும் அதே அமைப்பு 2005-ல் சொன்ன முடிவு ஏறக்குறைய இதுதான். கடன் வாங்கியாவது இவற்றைச் செய்துகொள்ள நினைப்பவர்கள் ஒருமுறை நிதானிக்க வேண்டும்.

சிகிச்சை தொடங்குமுன் வலி இதுதானா என்று உறுதிசெய்துகொள்ள வேண்டும். முழங்கையை நீட்டி, உள்ளங்கை தரையைப் பார்க்க, நடுவிரலை மேல்நோக்கி நீட்டி, இன்னொருவர் அந்த விரலைக் கீழே அழுத்தும்போது எலும்பு மேட்டில் சுரீர் என்றால் பெரும்பாலும் இதுதான். ஒரு நாற்காலியின் முதுகை, உள்ளங்கை கீழ்நோக்கியபடி பிடித்து, முழங்கையை நீட்டித் தூக்கிப் பார்த்தாலும் தெரிந்துவிடும். வலி மேட்டில் இல்லாமல் அதற்கு மூன்று நான்கு சென்டிமீட்டர் கீழே முன்கைச் சதைக்குள் இருந்தால் அங்கே ஒரு நரம்பு அழுந்தியிருக்கலாம். கழுத்து வலியோடு கட்டைவிரல், நடுவிரல் பக்கம் மரத்துப்போனால் கோளாறு கழுத்தெலும்பில் இருக்கக்கூடும். முழங்கைக்கு எத்தனை மருத்துவம் செய்தாலும் அது போகாது. விழுந்து அடிபட்ட பின் வந்த வலி, மூட்டு வீங்கிச் சுடுதல், காய்ச்சல், முழங்கை மடங்கிய நிலையிலேயே பூட்டிக்கொள்ளுதல், அசையாமல் படுத்திருக்கும்போதும் ராத்திரியெல்லாம் விடாத வலி இவற்றில் எது இருந்தாலும் பயிற்சி எதுவும் வேண்டாம், முதலில் எலும்பு மருத்துவரைப் பாருங்கள்.

ஸ்கேன் பற்றி ஒரு வார்த்தை. இந்த வலியைக் கண்டுபிடிக்கப் பெரும்பாலும் எம்ஆர்ஐ தேவைப்படாது. எடுத்தால் ‘பகுதிக் கிழிசல்’ என்று அறிக்கை வரும். நோயாளி வெலவெலத்துப் போய்விடுவார். வலியே இல்லாத நடுத்தர வயதுக்காரர்களை எடுத்துப் பார்த்தாலும் பலருக்கு அதே மாற்றங்கள் தெரியும்.

முதல் வேலை, தசைநாண் மேல் விழும் சுமையைக் குறைப்பது. கையைத் தொட்டிலில் கட்டித் தொங்கவிட்டு வாரக்கணக்கில் அசைக்காமல் வைப்பதும், இறுக்கமாகக் கட்டுப்போட்டு மூட்டை முடக்குவதும் வேண்டாம். அசையாத தசைநாண் மேலும் நலியும், கட்டை அவிழ்த்ததும் வலி இரட்டிப்பாக வரும். செய்ய வேண்டியதெல்லாம் பிடிக்கும் விதத்தை மாற்றுவது. உள்ளங்கை கீழ்நோக்கி, கை நீட்டியபடி எதையும் தூக்காதீர்கள். உள்ளங்கையை மேல்நோக்கித் திருப்பி, முழங்கையை மடக்கி, உடம்போடு ஒட்டித் தூக்குங்கள். குக்கரை ஒற்றைக் கைப்பிடியில் தூக்காமல் இரண்டு கையாலும் அடியில் துணி வைத்துத் தாங்கி இறக்கலாம். நனைந்த போர்வையை முறுக்கிப் பிழிவதைப்போல இந்தத் தசைநாணை வாட்டுவது வேறு ஏதும் இல்லை. குழாயில் போட்டு நடுவில் மடித்து, இரண்டு முனையையும் ஒரே பக்கம் நல்ல கையால் முறுக்குங்கள், அல்லது பிழியாமல் கொடியில் நீர் சொட்ட விடுங்கள். கரணை, சுத்தியல், திருப்புளியின் பிடி மெலிதாக இருந்தால் பழைய சைக்கிள் டியூபைச் சுற்றித் தடிமனாக்கிக் கொள்ளலாம். மெல்லிய பிடியைப் பிடிக்க விரல்கள் அதிகம் இறுகும். எலும்பு மேட்டில் இழுவை கூடும்.

முழங்கை பெல்ட்டை மருந்துக்கடையில் வாங்குபவர்கள் பத்தில் எட்டுப் பேராவது தவறான இடத்தில்தான் கட்டுகிறார்கள் என்பது எங்கள் மதிப்பீடு. வலிக்கிற மேட்டின் மேலேயே இறுக்கிவிடுகிறார்கள். அங்கே கட்டினால் புண்ணான இடத்தை அழுத்துவதுதான் மிச்சம். மேட்டுக்குக் கீழே இரண்டு விரல் அகலம் விட்டு, கையை மடக்கினால் புடைக்கும் சதையின் மேல் பட்டை வர வேண்டும். இறுக்கம், ஒரு விரல் உள்ளே நுழையும் அளவு. விரல்கள் மரத்துப்போனாலோ நீலம் பாய்ந்தாலோ தளர்த்த வேண்டும். வேலை செய்யும் நேரத்தில் மட்டும் கட்டுங்கள், தூங்கும்போது அவிழ்த்துவிடுங்கள். பெல்ட் நோயைக் குணமாக்காது, வேலை நேரத்து வலியைத் தாங்க வைக்கும், அவ்வளவுதான்.

வலி அதிகமாக இருக்கும் முதல் இரண்டு மூன்று வாரங்களுக்கு டைக்ளோஃபெனாக் ஜெல்லைப் பட்டாணி அளவு எடுத்து, அட்டையில் எழுதியிருக்கும் முறைப்படி நாளுக்கு மூன்று நான்கு முறை தடவலாம். மாத்திரையைவிட வயிற்றுக்கு இது பாதுகாப்பானது. வலி மாத்திரை வேண்டுமென்றால் மருத்துவர் சொல்லும் குறைந்த நாட்களுக்கு, சாப்பாட்டுக்குப் பின் மட்டும். சிறுநீரகக் கோளாறு, குடல்புண், உயர் ரத்த அழுத்தம் உள்ளவர்களும், ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை எடுப்பவர்களும் கடையில் கேட்டு வாங்கிப் போடவே கூடாது. வேலை முடிந்து வலித்தால் ஐஸ் கட்டியைத் துணியில் சுற்றிப் பத்து நிமிடம் வைக்கலாம். இதமான வெந்நீர் ஒத்தடம் பயிற்சிக்கு முன் கை இளக உதவும். பலர் நம்பிவரும் கரண்ட் வைப்பது, அல்ட்ராசவுண்ட் வைப்பது ஆகியவை தற்காலிக ஆறுதல்தான். இந்த உண்மையை எங்கள் இயன்முறை சிகிச்சைத் தொழிலைச் சேர்ந்தவர்களே வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். பத்து நாள் கரண்ட் வைத்துவிட்டு, ஒரு பயிற்சிகூடக் கற்றுத்தராமல் அனுப்புவது சிகிச்சையாகாது.

இனி பயிற்சி. முதல் இரண்டு வாரங்கள் அசைவில்லாப் பயிற்சி போதும். மேசைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, முழங்கையை மடக்கி, முன்கை முழுவதையும் மேசைமேல் வையுங்கள், உள்ளங்கை கீழே பார்க்கட்டும். நல்ல கையைப் புறங்கைமேல் வைத்து அழுத்துங்கள். வலிக்கிற கை அதை எதிர்த்து மேலே தள்ளட்டும், ஆனால் மணிக்கட்டு ஒரு நூல்கூட அசையக்கூடாது. முப்பது முதல் நாற்பத்தைந்து விநாடி. பின் ஒரு நிமிட ஓய்வு. இப்படி ஐந்து முறை, காலையும் மாலையும். முழுப்பலத்தில் பாதி போதும்.

மூன்றாம் வாரத்திலிருந்து சுமை. அதே மேசை, அதே இருப்பு. மணிக்கட்டும் கையும் மட்டும் மேசை விளிம்பைத் தாண்டித் தொங்க வேண்டும். கையில் டம்பெல் பிடிக்கச் சொல்வது வழக்கம். பிடிப்பதே வலியாக இருப்பவர்களுக்கு ஒரு மஞ்சப்பை அதைவிட நல்லது. அரை லிட்டர் பாட்டிலில் தண்ணீர் நிரப்பிப் பைக்குள் வைத்து, பையின் காதைப் புறங்கைமேல் மாட்டிக்கொண்டால் விரல்கள் இறுகாமலே அரைக் கிலோ தொங்கும். அரைக் கிலோவும் வலித்தால் பாட்டிலில் பாதி தண்ணீர். நல்ல கையால் பையைத் தாங்கி, வலிக்கிற கையின் மணிக்கட்டை மேலே உயர்த்திக்கொள்ளுங்கள். இப்போது நல்ல கையை விட்டுவிட்டு, நான்கு எண்ணும் வரை மெல்ல, மெல்லக் கீழே இறக்குங்கள். மேலே தூக்குவது நல்ல கையின் வேலை. இறக்குவது மட்டுமே நோயுள்ள கையின் வேலை. பதினைந்து முறை, ஒரு நிமிட ஓய்வு, மறுபடி பதினைந்து. மொத்தம் மூன்று சுற்று, நாளுக்கு ஒரு வேளை. சுமையோடு நீளும்போதுதான் கலைந்த நார்கள் ஒழுங்குக்கு வரத் தொடங்கும்.

வலிக்கும்போது செய்யலாமா என்பதுதான் எல்லோரும் கேட்கும் கேள்வி. தாங்கவே முடியாத வலிக்குப் பத்து மதிப்பெண் என்று வைத்துக்கொண்டால் பயிற்சியின்போது மூன்று வரை இருக்கலாம். மறுநாள் காலை பல் துலக்கும்போது முந்தைய நாளைவிட வலி கூடியிருக்கக் கூடாது. கூடியிருந்தால் பயிற்சியை நிறுத்தாதீர்கள், பாட்டிலில் தண்ணீரைப் பாதியாக்குங்கள். மூன்று சுற்றும் மூன்று மதிப்பெண்ணுக்குள் ஒரு வாரம் ஓடினால் இருநூறு, இருநூற்றைம்பது மில்லி கூட்டலாம். தண்ணீரின் வசதி அதுதான்: நூறு மில்லி கூட்டினால் நூறு கிராம். பெண்கள் ஒன்றரைக் கிலோ, ஆண்கள் இரண்டு கிலோ அளவுக்கு வந்துவிட்டால் அன்றாட வேலைக்கு அநேகமாகப் போதும். கொத்தனார், சுமை தூக்குபவர் போன்றோருக்கு இன்னும் மேலே போக வேண்டியிருக்கும். ஆறு வாரத்துக்குப் பின், நல்ல கை உதவாமல் தூக்குவதையும் இறக்குவதையும் நோயுள்ள கையே செய்யலாம்; அடுத்ததாக முழங்கையை நீட்டி வைத்துச் செய்யலாம். தோளும் தோள்பட்டை எலும்பைப் பிடிக்கும் தசைகளும் பலவீனமாக இருப்பவர்களுக்கு அதற்கும் சேர்த்துப் பயிற்சி தேவை. அதை நேரில் பார்த்துத்தான் சொல்ல முடியும்.

எங்கே கெடுகிறது? வேகமாகச் செய்வதில். இறக்கும்போது நான்கு எண்ணாமல் தொப்பென்று விடுவதில். முழங்கை மேசையை விட்டு எழும்புவதில். ஸ்பாஞ்சுப் பந்தை முதல் நாளிலிருந்தே நூறு முறை அழுத்துவதில். இறுக்கிப் பிடிப்பதே நோய்க்குக் காரணமாக இருக்கும்போது அதையே மருந்தாக்குவது பொருந்தாது, பந்து கடைசிக் கட்டத்துக்கு உரியது. கையை நீட்டி மணிக்கட்டை வெடுக்கென்று மடக்கி இழுப்பதிலும் கெடுகிறது. இழுக்க வேண்டுமானால் முப்பது விநாடி, இதமாக, மூன்று முறை. எல்லாவற்றையும்விட அதிகம் கெடுப்பது மூன்றாவது வாரத்தில் ‘பரவாயில்லை’ என்று விட்டுவிடுவது. ஆறு வாரத்தில் வித்தியாசம் தெரியும், மூன்று மாதத்தில் பலம் வரும். சிலருக்கு ஓராண்டும் ஆகும்.

கையால் செய்யும் சிகிச்சையில் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். முன்கை எலும்பைச் சிகிச்சையாளர் வெளிப்பக்கமாக மெல்லத் தள்ளிப் பிடித்தபடி நோயாளியை முஷ்டி மடக்கச் சொன்னால், அந்தக் கணமே வலியில்லாமல் பிடிக்க முடிகிறதா என்று பார்க்கும் முறை அது. முடிந்தால் அதே நிலையில் பத்து முறை செய்ய வைப்பார்கள். மேலே சொன்ன 2006 ஆய்வில் எட்டு அமர்வுகளில் பயிற்சியோடு சேர்த்துத் தந்தது இதைத்தான். அந்த ஆய்வின் இன்னொரு முடிவையும் மறைக்கக் கூடாது: வேலைமுறையை மாற்றிக்கொண்டு பொறுமையாகக் காத்திருந்தவர்களும் ஓராண்டு முடிவில் ஏறக்குறைய அதே அளவு தேறியிருந்தார்கள். பயிற்சி செய்தவர்கள் சீக்கிரம் தேறினார்கள். அன்றாடக் கூலிக்குப் போகிறவருக்கு அந்தச் சில மாதங்கள்தாம் சாப்பாடு.

அறுவை சிகிச்சை என்பது ஆறு முதல் பன்னிரண்டு மாதம் இவை அத்தனையும் ஒழுங்காகச் செய்தும் தீராதவர்களுக்கு, அதாவது மிகச் சிலருக்கு.

ஐயா, தமிழக அரசு 2024-ல் தொடங்கிய ‘தொழிலாளரைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் வேலையிடத்துக்கே வந்து ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்க்கிறார்கள். நடுவிரலை அழுத்திப் பார்க்கும் சோதனைக்கு அரை நிமிடம்கூட ஆகாது, கருவி எதுவும் வேண்டாம். அதையும் அங்கேயே செய்து, வலி உள்ளவருக்கு மஞ்சப்பைப் பயிற்சியை ஒரு தடவை செய்துகாட்டி, படம் போட்ட ஒரு தாளைக் கையில் கொடுத்தனுப்பலாம். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் இயன்முறை சிகிச்சைப் பிரிவு இருக்கிறது என்பதையும் அந்தத் தாளிலேயே அச்சிடலாம். இந்தக் கோரிக்கையைச் சுகாதாரத் துறையின் கவனத்துக்குத் தங்கள் நாளிதழ் கொண்டுசெல்ல வேண்டும். ‘ஒரே ஊசி’ விளம்பரம் எதையும் வெளியிடுமுன், ஓராண்டு கழித்து அந்த நோயாளிகள் எப்படி இருக்கிறார்கள் என்று விளம்பரதாரரிடம் கேட்டுப் பாருங்கள்.

இப்படிக்கு,
இயன்முறை சிகிச்சையாளர்கள் மூவர்,
மதுரை.